முதல் நெடும்பயணத்துக்கு முன் வண்டியை எங்கே காட்டுவது? சுங்கை சிப்புட் மிதிவண்டிக் கடை ஒன்றைப் பற்றி

சுங்கை சிப்புட்டிலிருந்து கோல கங்சார், தைப்பிங், பாகான் செராய், நிபோங் திபால் வழியாகப் பட்டர்வொர்த்துக்குச் சென்று, அங்கிருந்து பெர்ரி ஏறிப் பினாங்குத் தீவை அடைவதுதான் எங்கள் குழுவின் திட்டம். இரண்டு நாள் பயணம். தூரம் ஏறத்தாழ 150 கி.மீ.; தைப்பிங்கில் ஓர் இரவுத் தங்கல். தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்களும் அவர்களுடைய உறவினர்களுமாகச் சேர்ந்த பதினான்கு பேரில் கல்லூரியில் படிப்பவர்களும் இருந்தார்கள், ரப்பர்ப் பால் வெட்டி ஓய்வுபெற்றவர்களும் இருந்தார்கள். குடியிருப்புத் தாமானைச் சுற்றி மாலையில் மிதிப்பதைத் தவிர, இப்படிக் கூட்டமாக வெளியூர் சென்ற பழக்கம் ஒருவருக்கும் இல்லை. புறப்படுவதற்கு முன் எங்கள் வண்டிகள் அனைத்தையும் பார்த்துச் சீர்செய்து கொடுத்தது ஊரின் பழைய கடைவரிசையில் உள்ள ஒரு மிதிவண்டிக் கடை. குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். முடிவை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம்: சக்கரம், செயின், கியர், பிரேக் ஆகியவற்றைப் பொறுத்தவரை இந்தக் கடையை யாருக்கும் தயங்காமல் கைகாட்டுவேன், சாமான் பையும் சீட்டும் வேண்டுமென்றால் ஈப்போவுக்குப் போய் வாங்கிக்கொள்வது நல்லது.

கடையை நடத்தும் தவுக்கே அறுபதைக் கடந்த சீனர். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர் என்பதால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார்; பெண்களை அக்கா என்றும் இளைஞர்களைத் தம்பி என்றும்தான் அழைப்பார். அவரிடம் நீண்ட காலமாக வேலை செய்பவர் ஒரு தமிழர். சக்கரங்களை நேராக்கும் வேலை முழுவதும் அவர் கையில்தான். கடையின் முன்பகுதியில் பிள்ளைகளுக்கான வண்டிகளும் மலிவான மலைவண்டிகளும் அடைந்து கிடக்கும். பார்த்தவுடன் நம்பிக்கை தரும் கடை என்று சொல்ல முடியாது. வேலையெல்லாம் பின்கட்டில்தான் நடக்கிறது.

நாங்கள் ஆளுக்கொரு நாளாக வண்டிகளைக் கொண்டுவந்து விடுகிறோம் என்றபோது தவுக்கே ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டமாகப் போவதென்றால் எல்லா வண்டிகளும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஓட்டுபவரோடு வர வேண்டும் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணம் எளியது: தனியாகப் போகிறவருடைய வண்டி கெட்டால் ஒருவர் நிற்பார், கூட்டத்தில் ஒரு வண்டி கெட்டால் பதினான்கு பேரும் வெயிலில் நிற்பார்கள். ஒரு சனிக்கிழமை மாலை கடைக்கு முன் ஐந்தடிப் பாதையில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, 555 நோட்டு ஒன்றை எடுத்து, வண்டிக்கு ஒரு பக்கமாக எழுதத் தொடங்கினார். டயரின் அளவு, வால்வின் வகை, செயினின் தேய்மானம், பின்சக்கரத்தில் எத்தனை ஸ்போக், ஓட்டுபவரின் எடை, எத்தனை கிலோ சாமான் ஏற்றப்போகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடனுக்குச் சாமான் வாங்கிய கணக்கை எழுதும் நோட்டாகவே நாம் பார்த்துப் பழகிய 555, ஒரு குழுவின் முழு நிலவரத்தையும் ஒருவர் கையில் கொண்டுவந்துவிட்டது. பயணம் முழுவதும் அந்தப் பக்கங்களைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்திருந்தோம்.

செயினைச் சோதிக்க ஆள்காட்டி விரலின் நீளத்தில் ஓர் இரும்புத் தகடு வைத்திருக்கிறார். அதன் ஒரு முனையைச் செயினின் கண்ணியில் மாட்டி, மறுமுனையை மெல்ல அழுத்துகிறார். முனை முழுவதும் உள்ளே இறங்கினால் செயின் நீண்டுவிட்டது என்று பொருள். செயினின் ஒவ்வொரு கண்ணியும் புதிதாக இருக்கும்போது சரியாக அரை அங்குலம். ஊசிகள் தேயத் தேய அந்த இடைவெளி கூடுகிறது. பின்பக்கம் எட்டு முதல் பத்துப் பல்சக்கரங்கள் உள்ள வண்டியில் 0.75 விழுக்காடு நீண்டாலும், பதினொன்றும் அதற்கு மேலும் உள்ள வண்டியில் 0.5 விழுக்காடு நீண்டாலும் செயினை மாற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் அது பல்சக்கரத்தின் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும், அதன்பிறகு புதுச் செயினை மட்டும் போட்டால் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். எங்கள் குழுவில் மூத்தவரான அக்கா ஒருவர், வண்டி பழையது என்பதால் செயினை மாற்றியே ஆக வேண்டும் என்று பணத்தோடு வந்திருந்தார். தகட்டை வைத்துப் பார்த்த தவுக்கே, “அக்கா, இந்த செயின் இன்னும் நல்லாதான் இருக்கு. மாத்த வேணாம், காச வச்சுக்கோங்க” என்று சொல்லி, எண்ணெய் மட்டும் போட்டுத் துடைத்துக் கொடுத்தார். அதற்குப் பக்கத்திலேயே, சென்ற ஆண்டு வாங்கிப் பளபளவென்று இருந்த ஒரு வண்டியின் செயின் தகட்டை முழுவதும் விழுங்கியது. அதற்குச் செயினோடு பின்பல்சக்கரத் தொகுதியையும் மாற்ற வேண்டியிருந்தது.

இதைவிட முக்கியமான வேலை பின்சக்கரங்களில் நடந்தது. சாமான் ஏற்றிய வண்டியில் எடையின் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. பல்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்கத்து ஸ்போக்குகள் இடப்பக்கத்தைவிட இறுக்கமாக இழுக்கப்பட்டிருக்கும். இடப்பக்கத்தில் தளர்வு கூடினால், ஒவ்வொரு சுற்றிலும் கம்பி நெகிழ்ந்தும் இறுகியும் களைத்து, வளைவுப் பகுதியில் ஒடிந்துவிடும். தோட்டத்துச் செம்மண் சாலையில் வெறும் வண்டியை ஓட்டும்வரை இந்தக் குறை தெரியாது. கடையின் தமிழர் ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றி, கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து நெருக்கிப் பார்த்து, விரலால் சுண்டி ஓசையையும் கேட்டார். ஓசை தணிந்து வந்த கம்பிக்கு மட்டும் சாவியைக் கால் சுற்றுத் திருப்பினார். ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேரம்கூட ஆனது. அவசரமே இல்லை. குழுவில் உடல் கனமான நண்பர் ஒருவரின் வண்டியில் பின்னால் 28 ஸ்போக்குகளே இருந்ததால், அவருடைய சாமானை வேறு வண்டியில் ஏற்றுங்கள் என்று 555-இல் எழுதிவைத்தார்கள். புதுச் சக்கரம் வாங்கச் சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருப்பார்; சொல்லவில்லை.

டியூப் விஷயத்தில் கடை செய்த உதவியைக் கூட்டமாகப் போகும் எல்லாரும் பின்பற்றலாம். எங்களிடம் 26 அங்குலச் சக்கரங்கள், 29 அங்குலச் சக்கரங்கள், 700 அளவுச் சக்கரங்கள், போதாக்குறைக்கு 20 அங்குல மடக்குவண்டி ஒன்று என எல்லாம் கலந்து கிடந்தன. வால்விலும் இரண்டு வகை: மோட்டார்சைக்கிளில் உள்ளது போன்ற தடித்த வால்வு, நுனியில் சிறு திருகு உள்ள மெல்லிய பிரெஞ்சு வால்வு. ஆளாளுக்கு இரண்டு டியூப் வாங்கிச் சுமப்பதற்குப் பதிலாக, பொதுவான சேமிப்பாக அளவுக்கு இத்தனை என்று தவுக்கே கணக்குப் போட்டுக் கொடுத்தார். 29 அங்குல ரிம்மும் 700 அளவு ரிம்மும் உண்மையில் 622 மி.மீ. விட்டம் கொண்ட ஒரே ரிம்தான் என்பதையும், ஆபத்துக்கு ஒன்றின் டியூப்பை மற்றொன்றில் போட்டு ஓட்டலாம் என்பதையும் அன்றுதான் எங்களில் பலர் அறிந்தோம். எல்லா வால்வுக்கும் பொருந்தும் இரட்டை முனைப் பம்பு இரண்டு போதும் என்றார். ஒன்று முன்னால் செல்பவரிடம், ஒன்று கடைசியில் வருபவரிடம்.

டயரைப் பற்றி அவர் சொன்னது நம் வட்டாரத்துக்கே உரிய அறிவு. நெடுஞ்சாலையில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. பழைய கூட்டரசு சாலை ஒன்றுதான் நமக்கு வழி. அந்தச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடுகின்றன. லோரியிலிருந்து உதிரும் பழம் நசுங்கிய இடத்தில் டயர் வழுக்கும். மட்டை முள் விழுந்த இடத்தில் மெல்லிய டயர் பஞ்சராகும். எனவே 25 மி.மீ. டயர் போட்டிருந்த இளைஞர்களுக்கு, வண்டிச் சட்டத்தில் (பிரேமில்) அகலமான டயருக்கு இடம் இருந்த வண்டிகளுக்கு மட்டும், உள்ளே காப்புப் பட்டை வைத்த 32 மி.மீ. டயரை மாற்றிக் கொடுத்தார். காற்றைக் கல்போல் ஏற்ற வேண்டாம், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள இரண்டு அளவுகளுக்கு நடுவில் வையுங்கள், சாமான் ஏற்றினால் பின்னால் கொஞ்சம் கூட்டுங்கள் என்பது அவர் கொடுத்த கணக்கு. பஞ்சர் அறவே இல்லாமல் போய்ச் சேர்ந்தோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், ஆனவற்றில் ஒன்றுகூட அந்த டயர்களில் ஆகவில்லை.

கியரில் கடை எடுத்த முடிவு பாடாங் ரெங்காஸைத் தாண்டியதும் புரிந்தது. அங்கிருந்து தைப்பிங் பக்கம் இறங்குவதற்கு முன் புக்கிட் பெராப்பிட் ஏற்றம் வருகிறது. ரயில் இப்போது அந்த மலையைச் சுரங்கத்தின் வழியாகக் கடந்துவிடுகிறது. நமக்கு மிதித்து ஏறுவதைத் தவிர வழியில்லை. மலைவண்டிக்காரர்களுக்குக் கவலையில்லை. பின்னால் பெரிய பல்சக்கரம் 28 பற்களோடு நின்றுவிட்ட வண்டிகளுக்கு ஏற்றத்தில் மிதிப்பது எளிதாகும்படி 34 பல் உள்ள தொகுதியைப் போட்டு, அதைத் தாங்கும் அளவுக்கு நீளமான கை உள்ள கியர் மாற்றியையும் சேர்த்துப் பொருத்தினார். இதற்கான செலவு சிலருக்குக் கசந்தது. தைப்பிங் ஏரிக்கரையில் அன்று மாலை மழையில் நனைந்தபடி தே தாரே குடித்தபோது அவர்களில் ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விற்க மறுப்பது இந்தக் கடையின் குணம். கார்பன் சட்ட வண்டி வைத்திருந்த தம்பி ஒருவர் பின்னால் கேரியர் போடச் சொல்லி வற்புறுத்தினார். சட்டத்தில் திருகுத் துளையே இல்லை. “தம்பி, இதுல கேரியர் போட்டா சட்டம் போயிடும். நான் போட மாட்டேன், வேற கடையிலயும் போடாதீங்க” என்று தவுக்கே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அலுமினியக் கேரியர்களில் எத்தனை கிலோ தாங்கும் என்பது பொறித்திருக்கும், பெரும்பாலும் 25 கிலோ. அதையும் அவர் ஒவ்வொருவருக்கும் விரல் வைத்துக் காட்டினார். அந்தத் தம்பியின் சாமான் கடைசியில் மலைவண்டிக்காரர் ஒருவரின் கேரியரில்தான் வந்தது.

குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை சீட்டு. இவ்வளவு நுணுக்கமாகச் சக்கரம் பார்க்கும் கடை, சீட்டின் உயரத்தை ஆளைப் பக்கத்தில் நிற்கவைத்து இடுப்பளவுக்கு ஏற்றிவிட்டு, சரி போங்கள் என்று அனுப்புகிறது. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு அது போதும். நாள் முழுவதும் மிதிப்பவருக்கு ஒரு சென்டிமீட்டர் வேறுபாடே முழங்காலில் தெரியும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் முழுவதும் நீளும்படி சீட்டை வைத்தால், பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் தேவையான சிறு மடிப்பு தானாகக் கிடைக்கும். இதை எங்களுக்குச் சொன்னவர் பயிற்சியின்போது வழியில் சந்தித்த வேறு ஊர் மிதிவண்டிக்காரர் ஒருவர். பெண்களுக்கு ஏற்ற அகலமான சீட்டு கடையில் ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, ஜெல் உறை ஒன்றை எடுத்துக் காட்டினார்கள்; அந்த உறை ஏற்றத்தில் நழுவியது, அதை மாட்டியவர்கள் இரண்டாம் நாள் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினார்கள். உடலைப் பற்றிய அறிவு இந்தக் கடையில் இல்லை. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இரண்டாம் குறை பைகள். கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளில் ஒரே ஒரு வகைதான் வைத்திருக்கிறார்கள். நீர் புகாது என்று அதன் மேல் எழுதியிருக்கிறது. துணியில் புகவில்லை, தையலில் தாராளமாகப் புகுந்தது. தீபகற்பத்திலேயே மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று தைப்பிங் என்பது தவுக்கேவுக்குத் தெரியாததல்ல. அதே கடை, நான்கு வெள்ளிக்கு விற்கும் தடித்த குப்பைப் பையை உள்ளுறையாகப் போடச் சொல்லியிருந்தாலே போதும். பையின் கொக்கிகளும் கேரியரின் தடித்த கம்பிக்குச் சரியாகப் பொருந்தாமல், மேடுபள்ளங்களில் தூக்கிப் போட்டன. இழுவைக் கயிற்றால் கட்டி ஓட்டினோம், அந்தக் கயிற்றின் நுனி சக்கரத்தில் சிக்காமல் பார்த்துக்கொள்வதே தனி வேலையாகிவிட்டது.

இந்தக் கசப்பை ஓரளவு ஈடுசெய்வது கடை இலவசமாகச் செய்து தரும் இரண்டாம் சோதனை. புதிதாகப் போட்ட கியர் வயர் சில நாள் ஓட்டத்தில் உறைக்குள் படிந்து தளரும். இறுக்கிய ஸ்போக்குகளும் தம் இடத்தில் அமரும். புதுப் பிரேக் கட்டைகள் பலமுறை பிடித்து விட்ட பிறகுதான் முழுப் பிடிப்புக்கு வரும். எனவே, வண்டிகளை வாங்கிக்கொண்டு போய், பயணத்தில் ஏற்றப்போகும் அதே சுமையோடு கோல கங்சார் வரை போய் வாருங்கள், பிறகு மறுபடியும் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பயிற்சி ஓட்டம் எங்களுக்கு வண்டியைவிடக் கூட்டத்தைப் பழக்கியது. பேராக் ஆற்றின் மேல் 1932-இல் திறக்கப்பட்ட இஸ்கந்தரியா பாலத்தில் ஒற்றை வரிசையில் செல்லவும், பள்ளத்தைக் கண்டவர் கையால் காட்டிப் பின்னால் வருபவருக்குச் சொல்லவும், வேகமானவர் மெதுவானவரின் வேகத்துக்கு இறங்கிவரவும் அன்றுதான் கற்றோம். திரும்பி வந்தபோது பாதி வண்டிகளில் கியர் ஒரு பல் தள்ளி விழுந்துகொண்டிருந்தது. ஆளுக்குப் பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தார்கள். அதே தளர்வோடு பெராப்பிட்டில் ஏறியிருந்தால் தள்ளிக்கொண்டுதான் போயிருப்போம்.

அன்று மாலையே பஞ்சர் ஒட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். கேட்காமலேயே செய்த உதவி அது. ஓட்டையைச் சுற்றிச் சுரண்டித் தூசி துடைத்து, பசையை மெல்லிதாகத் தடவி, அதன் பளபளப்பு மங்கும்வரை காத்திருந்த பிறகே ஒட்டுத் துண்டை அழுத்த வேண்டும். புதியவர்கள் எல்லாரும் ஈரத்திலேயே அழுத்திவிட்டு, ஒட்டவில்லை என்கிறார்கள். இளைஞர்கள் பொறுமையிழந்தபோது, காலமெல்லாம் மங்குக் கிண்ணத்தில் ரப்பர்ப் பால் உறைவதைப் பார்த்தவர்கள் விரல் நுனியால் தொட்டுப் பார்த்து நேரம் சொன்னார்கள். கோல கங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று மரமாக இன்றும் நிற்கிறது. காற்றடைத்த டயருக்கு டன்லப் காப்புரிமை பெற்றது 1888-இல், அதுவும் மிதிவண்டிக்காகத்தான். மரம் இங்கே வேரூன்றிய பிறகுதான் மிதிவண்டிக்குக் காற்றடைத்த டயர் வந்தது என்பதைத் தவுக்கே சொல்லவில்லை. பயிற்சி ஓட்டத்தில் அந்த மரத்தடியில் நின்றபோது எங்களில் ஆசிரியராக இருந்தவர் சொன்னார்.

விலை நியாயம். முழுச் சோதனைக்கும் சக்கரம் நேராக்குவதற்கும் சேர்த்து வண்டிக்கு 80 வெள்ளி வாங்கினார்கள், பொருள்களுக்குத் தனி. அதிகாலை இருட்டில் கிளம்புவோருக்குத் தேவையான பின் சிவப்பு விளக்கும் முன் வெள்ளை விளக்கும் நல்ல தரத்தில் கிடைக்கின்றன. நம் பக்கம் ஏழு மணிக்குப் பிறகுதான் சூரியன் எழுகிறது, ஆறரைக்குக் கிளம்பினால் விளக்கில்லாமல் முடியாது. ஆனால், சொன்ன தேதிக்கு வண்டி கைக்கு வராது என்பதை எழுதியே ஆக வேண்டும். உதிரிப் பொருள் வரவில்லை என்று இரண்டு வண்டிகளை ஒரு வாரம் தாமதப்படுத்தினார்கள். அதைப் பற்றி முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லவும் இல்லை, நாங்கள் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் சோதனைக்கும் இடம் விட வேண்டும் என்பதால், புறப்படும் நாளுக்கு ஒரு மாதம் முன்பாவது வண்டிகளை ஒப்படைத்துவிடுங்கள்.

தைப்பூச விடுமுறையில் பினாங்குக்கு மிதிக்க நினைக்கும் குழுக்கள் இன்னும் முந்திக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளில் சீனப் புத்தாண்டு அதற்கு நெருக்கமாகவே வருகிறது. அந்த நாள்களில் கடை அடைத்திருக்கும், அதற்கு முந்தைய வாரத்தில் தவுக்கே புது வேலை எதையும் கையில் எடுப்பதில்லை. ரொக்கமாகக் கொண்டு போங்கள், வங்கி அட்டையை அவர் வாங்குவதில்லை. ரசீது கேட்டால் மட்டுமே எழுதித் தருவார். குழுக் கணக்கு வைப்பவர் வண்டிவாரியாக எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளட்டும்.